தாய், தந்தை, மாமா: இறுதி வருட ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்தவர்களுக்கு

‘தமிழ் இலக்கியத்தில் பெற்றோரின் தாக்கம்’ என்று ஒற்றை வரியைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அதை ஒரு ஆய்வேடாக்கிக் கையில் எடுக்கப் பதினொரு மாதம் போனது. அதில் நாலு மாதம் சுத்த வீண். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து தமிழ் சிறப்புக் கற்கைக்குப் போகிறவர்களில் வருடத்துக்கு நாலைந்து பேராவது தாய், தந்தை, குடும்பம் என்று ஒரு தலைப்பை எடுக்கிறார்கள். நான் விழுந்த குழிகளில் நீங்களும் விழ வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். வந்தாறுமூலையில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) படித்தாலும் ஒலுவிலில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) படித்தாலும் வெளிவாரியாகப் படித்தாலும் பெரும்பாலும் இதே வழிதான். படிவங்களின் பெயர்தான் மாறும்.

1. தலைப்பைச் சுருக்குங்கள், படிவம் கொடுப்பதற்கு முன்

சங்கப் பாட்டு, காப்பியம், நாவல், சிறுகதை எல்லாவற்றிலும் வரும் தாய் தந்தையரைப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம்தான் மிஞ்சும். அந்த இரண்டு பக்கத்திலும் கதைச் சுருக்கம்தான் இருக்கும். என் முதல் இயல் அப்படித்தான் இருந்தது. மேற்பார்வையாளர் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, “இதில் நீர் சொல்வது எது?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு நூல், அல்லது ஒன்றோடொன்று பேசும் இரண்டு நூல்கள். ஒரு உறவு: தாயும் மகளும், தந்தையும் மகனும், மாமாவும் மருமகளும். இதற்கு மேல் போக வேண்டாம். ‘மணிமேகலையில் மூன்று தலைமுறைத் தாய்மார்’ என்பது தலைப்பு. ‘காப்பியங்களில் தாய்மை’ என்பது ஆசை.

படிவம் கொடுத்த பிறகு தலைப்பை மாற்றலாம். ஆனால் அதற்கு இன்னொரு படிவம், மேற்பார்வையாளர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, பிறகு கூட்டம் கூடும் வரை காத்திருப்பு. எனக்கு அது ஏழு வாரம் எடுத்தது.

2. பெற்றோர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு முதல் இயலிலேயே பதில் எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை. ‘பெற்றோர்’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு போனதால் பெறாமல் வளர்த்தவர்கள் எல்லோரும் என் ஆய்வுக்கு வெளியே நின்றார்கள். இலக்கியத்தில் பாதிப் பிள்ளைகளை வளர்ப்பது அவர்கள்தானே. சங்க அகப்பாட்டை எடுங்கள். பெற்ற நற்றாய் ஒருத்தி, வளர்த்த செவிலித்தாய் ஒருத்தி. தலைவி காதலனோடு வீட்டைவிட்டு உடன்போக்குப் போனால் பாலை வழியில் தேடிக்கொண்டு போகிறவள் செவிலி.

நம் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையைக் கேட்டிருப்பீர்கள். அதில் கண்ணகி மாங்கனியிலிருந்து வந்த பிள்ளை. பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, வணிகர் வீட்டில் வளர்கிறாள். சிலப்பதிகாரத்தில் அவள் மாநாய்கன் மகள், அவ்வளவுதான். ஒரே பெண்ணுக்கு ஒரு கதையில் பெற்ற அப்பா, இன்னொரு கதையில் வளர்த்த அப்பா. மதுரையில் அவள் வழக்குக் கேட்கப் போகும் இடத்தில் இந்த வேறுபாடு என்ன செய்கிறது என்று பார்த்தாலே ஒரு இயல் எழுதலாம். நான் எழுதவில்லை. யாராவது எழுதுங்கள்.

இன்னொரு பொறி எங்கள் பகுதிக்கே உரியது. தமிழ்நாட்டுத் திறனாய்வு நூல்களில் ‘தந்தைவழிச் சமூக அமைப்பு’ என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வரும். அதைப் பார்த்து நாமும் எழுதிவிடுவோம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துத் தமிழர் மத்தியிலும் முஸ்லிம்கள் மத்தியிலும் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். தாய்வழி மரபைக் குறிக்கும் வயிற்றுவார் என்ற சொல்லே அதைச் சொல்கிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இந்தப் பகுதிக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் வரும் அப்பா யாருடைய வீட்டில் இருந்து அதிகாரம் செய்கிறார் என்று கேட்காமல் ‘தந்தையாதிக்கம்’ என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் இருந்தால் நீங்கள் தொலைந்தீர்கள். தாய்மாமனையும் மறந்துவிட வேண்டாம். பல கதைகளில் அப்பா செய்ய வேண்டியதை எல்லாம் அவர்தான் செய்கிறார்.

3. நூல்களைச் சேர்ப்பது

செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகளுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம். சங்க இலக்கியமும் காப்பியமும் உரையோடு வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். மூலம் மட்டும் போதுமென்றால் மதுரைத் திட்டம். மூன்றும் இலவசம். டேட்டா செலவு மட்டும்தான். பெரிய கோப்புகளை வளாகத்து வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் இணையத்தில் எடுத்த பாட்டை அப்படியே மேற்கோள் காட்ட வேண்டாம். பாட்டு எண், அடி எண், உரையாசிரியர், பதிப்பு ஆண்டு எல்லாவற்றையும் ஒரு அச்சு நூலோடு ஒத்துப் பாருங்கள்.

அச்சு நூலுக்கு வேறு நூலகங்களுக்குப் போவதானால் கையில் இருக்க வேண்டியவை: மாணவர் அடையாள அட்டை, தேசிய அடையாள அட்டை, துறைத்தலைவர் ஒப்பமிட்ட அறிமுகக் கடிதம். கடிதத்தில் உங்கள் பெயரும் பதிவிலக்கமும் தலைப்பும் இருக்கட்டும். ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று பொதுவாக எழுதி வாங்கினால் ஒரே கடிதத்தை நாலு இடத்துக்குக் கொண்டு போகலாம். நான் ஒரு நூலகத்தின் பெயரைப் போட்டு வாங்கியதால் அடுத்த நூலகத்துக்கு மறுபடி அலைந்தேன். பொது நூலகங்களில் இரவல் எடுக்க அங்கத்துவம் வேண்டும். அதற்கு வதிவிடத்தை உறுதிப்படுத்தச் சொன்னால் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டிவரும். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

4. வாசிப்பு: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

மற்றப் படிகளை அவசரமாகப் படித்தாலும் இதை மெதுவாகப் படியுங்கள்.

‘தாயின் தாக்கம் மகளிடம் காணப்படுகிறது’ என்று எழுதுவது எதையும் சொல்லாத வாக்கியம். என் முதல் வரைவில் அது ஒன்பது இடத்தில் இருந்தது. தாய் என்ன செய்தாள், அல்லது என்ன சொன்னாள்? அதைப் பிள்ளை கேட்டதா, பார்த்ததா? அதற்குப் பிறகு பிள்ளை எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது? நூலில் எந்த அடி? இவ்வளவுக்கும் பதில் இருந்தால்தான் தாக்கம். ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் அது உங்கள் அபிப்பிராயம் மட்டும்.

புறநானூற்றில் விழுந்தது நான் மட்டுமல்ல, என் வகுப்பில் மூன்று பேர். 278ஆம் பாட்டு, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறமுதுகிட்டான் என்று ஊர் சொல்ல, அது உண்மையானால் அவன் பால் குடித்த முலையை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள் கிழவி. பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். ‘வீரத்தாயின் தாக்கத்தால் மகன் வீரனானான்’ என்று நான் எழுதினேன். மேற்பார்வையாளர் பேனையால் சுழித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: “மகன் எங்கே பேசுகிறான்?”

உண்மைதானே. அவன் பேசுவதே இல்லை. அவன் ஏன் நின்று போரிட்டான் என்று பாட்டு சொல்லவில்லை. பாட்டில் இருப்பது தாயின் எதிர்பார்ப்பு. காவற்பெண்டு பாடிய 86ஆம் பாட்டிலும் மகன் இல்லை. எங்கே உன் மகன் என்று கேட்டால், புலி இருந்து போன கற்குகை போல ஈன்ற வயிறு இதோ, அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்கிறாள். இவற்றை எடுக்கலாம், அருமையான பாட்டுகள். ‘பெற்றோர் பிள்ளையைப் பற்றிக் கட்டிக்கொள்ளும் படிமம்’ என்று வேறு பெயரில் எடுக்க வேண்டும்.

தாக்கம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். மணிமேகலை. சித்திராபதி தன் மகள் மாதவியை இந்திர விழாவுக்கு ஆட வரச் சொல்லி தோழி வயந்தமாலையை அனுப்புகிறாள். துறவு பூண்ட மாதவி வர மறுக்கிறாள். மறுத்துவிட்டுத் தன் வயிற்றில் பிறந்த மகளைப் பற்றிச் சொல்கிறாள்: ‘மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை’. பெற்றவளே தன் பிள்ளையை இன்னொருத்தியின் மகள் என்கிறாள். கண்ணகியின் மகள். பக்கத்தில் மலர் தொடுத்துக்கொண்டிருக்கும் பெண் இந்தப் பேச்சைக் கேட்கிறாள். கண்ணீர் மாலையில் விழுகிறது. கண்ணீர் பட்ட மாலை தூய்மை கெட்டது, புதுப் பூக் கொண்டு வா என்று மாதவி அனுப்புகிறாள். மணிமேகலை தோழி சுதமதியோடு உவவனம் என்ற பூஞ்சோலைக்குப் போகிறாள், இளவரசன் உதயகுமரன் பின்னால் வருகிறான், கதை தொடங்குகிறது.

ஒரு சொல், ஒரு துளி கண்ணீர், ஒரு கெட்டுப்போன மாலை. இந்தச் சங்கிலியை நான் மூன்றாம் தடவை வாசிக்கும்போதுதான் பிடித்தேன். அதுவரை ‘துறவுக்குத் தாய் வழிகாட்டினாள்’ என்றே எழுதி வைத்திருந்தேன்.

நவீன இலக்கியத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966), அதைத் தொடர்ந்து அவரே எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970) இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்வேன். இதைவிடச் சுத்தமான பரிசோதனைக் கூடம் கிடைக்காது. மழை நாள், கல்லூரிப் பெண், அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடும் ஒருவன், அதன் பிறகு வீடு. சிறுகதையில் தாய் முதலில் பதறிக் கத்திவிடுகிறாள். அக்கம்பக்கத்தார் என்ன என்று கேட்க, மழையில் நனைந்து வந்ததைச் சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். நாவலில் அந்தத் தாய் அப்படிச் செய்யவில்லை. விஷயம் வெளியே வருகிறது, அண்ணன் வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறான், மாமா ஒருவர் படிக்க வைக்கிறார். அந்த மாமாவின் ஆதரவுக்குள் வேறு கணக்கும் இருக்கிறது. தாய் சில நிமிடங்களில் செய்ததும் செய்யாததும் மகளின் பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது.

இந்த இரண்டையும் ஆரையம்பதியில் அம்மம்மா வீட்டு விறாந்தையில் இருந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். சிறுகதையைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றும் இடத்தில் நிறுத்தினேன், கதை அதற்குப் பிறகு சீக்கிரமே முடிந்துவிடுகிறதே. பாக்கை இடித்துக்கொண்டு, “மறுகா அந்தப் புள்ளைக்கு என்ன நடந்த?” என்றார். நாவலைச் சொன்னேன். கொஞ்ச நேரம் உரல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “முதல் சொன்ன தாய்க்கும் இரவைக்கு நித்திரை வந்திராது மனே” என்றார். நான் அதுவரை தாய் மகளுக்குச் செய்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தாய்க்குச் செய்தது என்று ஒரு பக்கம் இருப்பது அன்றைக்குத்தான் பிடிபட்டது. மூன்றாம் இயல் அங்கிருந்து வந்தது.

குறிப்பெடுக்க ஒரு கொப்பியைக் குறுக்கே நாலு பத்தியாகக் கோடு போடுங்கள்: பெற்றோர் சொல் அல்லது செயல், பிள்ளை அதை அறிந்த விதம், பிறகு நடந்தது, பக்க எண். நாலாவது பத்தியை அன்றன்றே நிரப்புங்கள். பக்க எண் எழுதாமல் விட்ட இருபத்தாறு மேற்கோளைத் தேட நான் எட்டு நாள் செலவழித்தேன்.

எழுத்தாளரின் சொந்த அப்பா அம்மாவை அத்தாட்சியாகக் கொண்டுவருவது இன்னொரு பொறி. காஃப்கா 1919இல் தன் தந்தைக்கு நீண்ட கடிதம் எழுதினார், அது தந்தை கைக்குப் போய்ச் சேரவில்லை. அதைப் படித்த உற்சாகத்தில், எந்த எழுத்தாளரின் கதையில் கடுமையான அப்பா வந்தாலும் அது எழுத்தாளரின் அப்பாதான் என்று எழுதத் தோன்றும். எழுத்தாளரே சொல்லியிருந்தால் அடிக்குறிப்பில் போடுங்கள். இல்லாவிட்டால் பாத்திரத்தோடு நில்லுங்கள்.

5. வாய்மொழி வழக்கைச் சேர்ப்பவர்களுக்கு

தாலாட்டு, ஒப்பாரி, கூத்து, வழக்குரை எதுவானாலும் பதிவு செய்யும் முன் ஒப்புதல் தாள் ஒன்று வேண்டும். பெயர் வெளியிடலாமா, குரலைப் பதிவு செய்யலாமா, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு பக்கம் போதும், எளிய தமிழில். வாசிக்கச் சிரமப்படுகிறவருக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

காலம் முக்கியம். கண்ணகி கோயில்களில் கதவு திறந்து, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கும் வைகாசியில் வழக்குரையைக் கேட்க வேண்டும், பேட்டிக்கு மட்டும் அப்போது யாரையும் பிடிக்க முடியாது. சடங்கு முடிந்து ஒரு கிழமை விட்டுப் போங்கள். ஒப்பாரி பாடும் அம்மாமாரிடம், யாரும் சாகாத வீட்டில் பாடச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு ஆகாது என்பார்கள். தோட்டத்துக்கோ வெளித் திண்ணைக்கோ போய்ப் பாடித் தந்தார் எனக்குத் தெரிந்த ஒருவர்.

6. தட்டச்சு: பாமினியா யூனிகோடா?

முதல் நாளே யூனிகோடில் தொடங்குங்கள். ஃபோனில் தமிழ் அடிக்கத் தெரிந்த எவருக்கும் கணினியிலும் வந்துவிடும்.

நான் கையால் எழுதி ஒரு கடையில் அடிக்கக் கொடுத்தேன். அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தார்கள். கடைக் கணினியில் அழகாக இருந்தது. பென் டிரைவில் கொண்டுவந்து துறைக் கணினியில் திறந்தபோது அந்த எழுத்துரு அங்கே இல்லை. ‘அம்மா’ என்று இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். தாயைப் பற்றி நூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு தாயைக் கூட வாசிக்க முடியவில்லை. மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிறது, மாற்றலாம். மேற்கோள் குறி, அடைப்புக்குறி, கிரந்த எழுத்து எல்லாவற்றையும் மறுபடி கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், எந்த எழுத்துரு என்று கேட்டு, கோப்பை அன்றன்று மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. நாட்கணக்கு

ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரை மழை. வெள்ளம் வந்தால் பஸ் நிற்கும், மின்சாரம் போகும், விரிவுரைகள் தள்ளிப்போகும். கடைசித் தேதி மார்கழி, தையில் விழுந்தால் உங்கள் கடைசித் தேதி புரட்டாசி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மேற்பார்வையாளருக்கு ஒரு இயலைக் கொடுத்துவிட்டு மூன்று கிழமை பொறுங்கள். அதற்குள் அடுத்த இயலில் இருங்கள். முழுவதையும் எழுதிவிட்டுச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று நினைப்பது பெரிய தப்பு. திருத்தமும் சேர்ந்தே வரும்.

8. செலவு

என் கணக்கு இது, விலை கடைக்குக் கடை மாறும். 118 பக்கம், நாலு பிரதி, ஆக 472 பக்கம். பக்கம் 15 ரூபாயாக 7,080. கெட்டி அட்டை பைண்டிங் ஒன்று 900, நாலுக்கு 3,600. வரைவுகள் மூன்று தடவை அச்செடுத்தது அண்ணளவாக 4,500. எல்லாம் 15,180 ரூபாய். பஸ் காசும் தட்டச்சும் இதில் இல்லை. வரைவை இரண்டு பக்கமும் அச்செடுத்திருந்தால் தாளாவது மிச்சம். இறுதிப் பிரதிக்கு ஒரு பக்கம்தான் என்று சில துறைகளில் விதி இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் பக்கங்கள் இரண்டையும் மறக்க வேண்டாம்: இது என் சொந்த ஆய்வு என்ற உங்கள் உறுதிமொழி, மேற்பார்வையாளரின் சான்று. ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிப் போட்டோக் கொப்பி எடுத்தால் ஏற்கமாட்டார்கள். நாலிலும் மையால் வேண்டும்.

9. வாய்மொழித் தேர்வு

உங்கள் பிரதியில் முக்கியமான மேற்கோள் இருக்கும் பக்கங்களுக்கு நிறத் தாள் ஒட்டிக்கொண்டு போங்கள். மூல நூலையும் எடுத்துப் போங்கள். எனக்கு வந்த முதல் கேள்வி: “இந்தத் தாயை எடுத்துவிட்டால் கதை நடக்குமா?” மணிமேகலைக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடிந்தது, மாலை கெட்டிருக்காது, உவவனம் போயிருக்க மாட்டாள். இன்னொரு கதைக்குச் சொல்ல முடியவில்லை. அந்தத் தாய் இல்லாமலே அந்தக் கதை நன்றாக நடக்கும் என்பது அந்த மேசைக்கு முன்னால் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் இந்தக் கேள்வியை வீட்டிலேயே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கேட்டுவிடுங்கள்.

தேர்வுக்கு முன் சுருள் கம்பி பைண்டிங் போதுமா என்று துறையில் விசாரியுங்கள். போதும் என்றால் அதோடு போங்கள், கெட்டி அட்டையைத் திருத்தம் முடிந்த பிறகு போடலாம். நான் விசாரிக்கவில்லை. எங்கள் வீட்டு அலுமாரியில் தங்க எழுத்துப் போட்ட நாலு பிரதி இன்னும் கிடக்கிறது. நாலிலும் 278ஆம் பாட்டு 287 என்று இருக்கிறது.